நின்றுபோன சலவை இயந்திரம்: முதல் அரைமணி நேரம் நம் கையில்

வீட்டு உபயோகப் பொருள்களுக்கான கடன் கேட்டுக் கிளைக்கு வருவோரிடம், "பழைய சலவை இயந்திரம் என்னவாயிற்று?" என்று நாம் கேட்பதுண்டு. "நின்றுவிட்டது" என்பதே பெரும்பாலும் விடை. தண்ணீர் எடுக்காமல் நின்றதா, தண்ணீரை வெளியேற்றாமல் நின்றதா, உறுமிக்கொண்டே சுழலாமல் நின்றதா என்று அடுத்துக் கேட்டால் பலருக்குச் சொல்லத் தெரிவதில்லை. கடன் கொடுப்பது எங்கள் தொழில்தான். ஆயினும், சில நூறு ரூபாயில் சரியாகக்கூடிய பழுதுக்காக ஒரு குடும்பம் ஓராண்டுத் தவணையைச் சுமப்பதில் எங்களுக்கு மகிழ்ச்சி இல்லை.

இயந்திரம் நின்றவுடன் "மோட்டார் போய்விட்டது" என்று அஞ்சுவது இயல்பு. ஆனால் மோட்டாருக்கு முன்னதாக, அதைச் சுற்றியுள்ள பெல்ட், ரப்பர், கம்பி, வடிகட்டி போன்ற சிறு பொருள்களே பெரும்பாலும் தேய்கின்றன. எனவே சோதனையைச் சுவரிலிருந்து தொடங்குவது நன்று. அதே பிளக் பாயின்ட்டில் வேறொரு கருவி ஓடுகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது ஓடினால், சலவை இயந்திரத்தின் பிளக்கைப் பிடுங்கிய பின்னரே மற்றவற்றில் கை வைக்கலாம்; சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. இயந்திரத்தின் உடலைத் தொட்டால் சுருக்கென்று மின்சாரம் தாக்குமாயின், எர்த் இணைப்பைச் சரிபார்க்க மின்பணியாளரை அழைப்பதே முறை. அந்நிலையில் வேறு ஆராய்ச்சி வேண்டாம்.

தண்ணீர் மெதுவாக நிரம்பினாலோ நிரம்பாமலே போனாலோ, உள்ளே வரும் குழாயைக் கழற்றிப் பார்க்கலாம். அது இயந்திரத்தில் பொருந்தும் இடத்தில் ஒரு சிறிய சல்லடை இருக்கும். மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் மணலும் துருவும் அதில் அடைந்துவிடும். பழைய பல் தூரிகையால் தேய்த்துக் கழுவினால் போதும். இதற்காக மட்டுமே பணியாளரை வரவழைத்து வருகைக் கட்டணம் கொடுத்த வீடுகள் ஏராளம்.

தண்ணீர் வெளியேறும் வகையில் இயந்திரங்கள் வேறுபடுகின்றன. இரட்டைத் தொட்டி இயந்திரத்தில் தண்ணீர் தன் எடையாலேயே இறங்குகிறது. ஆதலால் வெளியேற்றும் குழாய் தரையோடு படிந்திருக்க வேண்டும். முன்பக்கம் திறக்கும் இயந்திரமோ பம்பினால் தண்ணீரைத் தள்ளுகிறது. அதன் குழாயைக் கையேட்டில் சொன்ன உயரத்தில் மாட்டாவிட்டால், நிரம்பும் தண்ணீர் தானாகவே வழிந்து போய்விடும். இவ்வகையில் கீழ் மூலையில் ஒரு சிறு கதவும், அதனுள் திருகிக் கழற்றும் வடிகட்டியும் உண்டு. தட்டு ஒன்றை வைத்து எஞ்சிய தண்ணீரைப் பிடித்துக்கொண்டு அதைக் கழற்றினால், ஊக்கு, பொத்தான், நாணயம் எல்லாம் வெளிவரும். சில வேளைகளில் கசங்கிய ரூபாய் நோட்டும் வரும். அதைக் காயவைத்து எந்த வங்கிக் கிளைக்கு எடுத்துச் சென்றாலும் மாற்றிக்கொள்ளலாம். இரண்டு துண்டாகக் கிழிந்திருந்தாலும் தயங்க வேண்டியதில்லை.

இரட்டைத் தொட்டி இயந்திரமே நம் நாட்டு நடுத்தரக் குடும்பங்களில் நெடுங்காலம் உழைப்பது. அதைச் சற்று விரிவாகவே பார்ப்போம். மோட்டார் ஓடும் ஓசை கேட்கிறது, துணி போட்டால் மட்டும் சுழலி நிற்கிறது என்றால், பெல்ட் தளர்ந்திருக்கக்கூடும். பின்புற மூடியைக் கழற்றி விரலால் அழுத்தினால் தெரிந்துவிடும். மோட்டாரின் போல்ட்டுகளைத் தளர்த்திச் சற்று நகர்த்தி இறுக்கலாம். வெடிப்பு விழுந்திருந்தால் பெல்ட்டையே மாற்ற வேண்டும். மோட்டார் உறுமுகிறது, ஆனால் சுழலி அசையவே இல்லையெனில், பிளக்கைப் பிடுங்கிவிட்டுக் கையால் சுற்றிப் பார்க்கலாம். இறுகியிருந்தால் சுழலிக்கு அடியில் ஏதோ சிக்கியிருக்கிறது; நடுவிலுள்ள திருகைக் கழற்றி எடுத்துவிடலாம். தடையின்றிச் சுற்றினால் கெபாசிட்டர் வலுவிழந்திருக்க வாய்ப்புண்டு. மலிவான பொருளே, எனினும் பிளக்கைப் பிடுங்கிய பின்னும் அது மின்னூட்டத்தை வைத்திருக்கும் என்பதால், மாற்றும் வேலையைத் தெரிந்தவரிடம் விடுவதே பாதுகாப்பு. புதியது பழையதில் அச்சிட்ட அதே அளவினதாக இருக்கட்டும்.

துணி பிழியும் தொட்டி சுற்றாமல் கருகிய வாடை வந்தால், பிரேக் கம்பியைப் பார்க்க வேண்டும். மூடியைத் திறந்தவுடன் தொட்டியை நிறுத்துவது ஒரு பிரேக் கட்டை. மூடியை மூடும்போது கம்பி அதை இழுத்து விலக்குகிறது. ஆண்டுகள் செல்லச்செல்லக் கம்பி தளர்ந்து, கட்டை முழுதும் விலகாமல் உராய்கிறது. கம்பியை அரை அங்குலம் இழுத்துக் கட்டினாலே பல வேளைகளில் பழுது தீரும். இதே தொட்டியின் அடியில் தண்ணீர் சொட்டினால் தாமதிக்கலாகாது. தண்டைச் சுற்றியுள்ள வாட்டர் சீல் எனும் ரப்பர் கிழிந்து, அதன் கீழேயுள்ள மோட்டாரின்மேல் தண்ணீர் விழுகிறது என்று பொருள். இந்தச் சிறிய ரப்பரை இன்று மாற்றாவிட்டால் நாளை மோட்டாரை மாற்ற நேரிடும்.

எலியையும் மறக்கக்கூடாது. அடிப்பகுதி திறந்த இயந்திரத்தில் புகுந்து ஒயரைக் கடித்துவிடும். கீழே ஒரு வலைத் தட்டு பொருத்துவது நல்ல முதலீடு. ஊர் ஊராக மாற்றலாகும் எங்களைப் போன்றோர் இன்னொன்றையும் அறிவோம்: வீடு மாறிய பின் இயந்திரம் குதித்தால், அது பழுதன்று; நான்கு கால்களும் சமமாகத் தரையில் பதியவில்லை, அவ்வளவே.

இவ்வளவுக்கும் பின்னரும் ஓடவில்லையெனில் பணியாளரை அழைக்கத்தான் வேண்டும். உண்மையான ஆபத்து இங்கேதான் தொடங்குகிறது. இணையத்தில் தேடும்போது முதலில் கிடைக்கும் சேவை மைய எண்ணை நம்பி அழைக்கிறோம். மறுமுனையில் இருப்பவர் பதிவுக் கட்டணமாகப் பத்து ரூபாய் மட்டும் கேட்டு ஓர் இணைப்பை அனுப்புகிறார். அல்லது நம் கைபேசித் திரையை அவர் பார்க்கும்படியான செயலியை நிறுவச் சொல்கிறார். சற்று நேரத்தில் கணக்கு காலியாகிறது. பெல்ட்டுக்காகப் பேசத் தொடங்கியவர் சேமிப்பை இழக்கிறார். ரிசர்வ் வங்கியின் 2017-ஆம் ஆண்டுச் சுற்றறிக்கையின்படி, வாடிக்கையாளரே இரகசிய விவரங்களைப் பகிர்ந்ததால் ஏற்படும் இழப்பு, வங்கிக்குத் தெரிவிக்கும் வரை அவரையே சேரும். ஆகவே ஏமாந்தது தெரிந்த மறுகணமே கிளைக்கும் 1930 என்ற எண்ணுக்கும் சொல்லிவிட வேண்டும். சேவை எண்ணை இயந்திரத்துடன் வந்த கையேட்டிலிருந்தோ, நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பர் 24 அன்று தொடங்கிய 'பழுதுநீக்கும் உரிமை' இணையதளத்திலிருந்தோ எடுப்பது பாதுகாப்பானது. சேவையில் குறை இருந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 உண்டு.

பணியாளர் செலவைச் சொன்னதும் கணக்குப் போட வேண்டியவர்கள் நாம். எடுத்துக்காட்டாக, 1,500 ரூபாய் செலவழித்தால் இன்னும் இரண்டு ஆண்டு ஓடும் என்றால், மாதத்திற்கு ஏறத்தாழ 62 ரூபாய் ஆகிறது. 18,000 ரூபாய்க்குப் புதியது வாங்கினால், பன்னிரண்டு தவணையில், வட்டியைச் சேர்க்காமலே மாதம் அதே 1,500 ரூபாய். 'வட்டியில்லாத் தவணை' என்பதையும் கூர்ந்து பார்க்க வேண்டும். அதில் வட்டி செயலாக்கக் கட்டணத்தின் வடிவில் ஒளிந்திருப்பதை ரிசர்வ் வங்கியே 2013-இல் சுட்டிக்காட்டியது.

எல்லாப் பழுதையும் சரிசெய்துகொண்டே இருப்பதும் சிக்கனமாகாது. முன்பக்கம் திறக்கும் இயந்திரம் பிழியும்போது விமானம் கிளம்புவதுபோல் இரைந்தால் பேரிங் தேய்ந்துள்ளது. பல மாதிரிகளில் வெளித்தொட்டி பிரிக்க முடியாதவாறு ஒட்டப்பட்டிருப்பதால், அதையே முழுதாக மாற்ற நேர்ந்து செலவு ஏறும். பத்தாண்டு உழைத்த இயந்திரத்திற்கு அத்தொகையைச் செலவிடுவதை நாம் பரிந்துரைப்பதில்லை. அடித்தகடு துருப்பிடித்து ஓட்டை விழுந்ததற்கும் இதுவே தீர்ப்பு.

அப்படிப் புதியது வாங்குவோர், பழையதைக் கடையில் கொடுக்குமுன் அதன் சிறு பழுதுகளைச் சரிசெய்துவிடலாம். மாற்றுச் சலுகைகளில் பல, ஓடும் இயந்திரத்திற்கே நல்ல விலை தருகின்றன. கடை ஆள் வரும்போது தண்ணீர் ஊற்றி ஓட்டிக் காட்டிய பின் விலை பேசலாம்.