பெரியம்மா வருகையும் கோரைக்கிழங்குப் பொடியும்

டிஸ்கி: நான் டாக்டர் இல்லை. சிங்கப்பூர்ல புள்ளியியல் முதுகலை படிக்கிற ஆளு. இதைப் படிச்சிட்டு யாரும் சாப்பிட்டுட்டு இருக்கிற மாத்திரையை நிறுத்திடாதீங்க. அப்புறம், விஷயம் என்னன்னு தெரிஞ்சதும் நழுவப் பார்க்கிற ஆண் பதிவர்களே, கொஞ்சம் இருங்க. உங்க வீட்லயும் அக்கா, தங்கச்சி, தங்கமணி எல்லாம் இருக்காங்கல்ல :-)

நம்ம ஊர்ல "தூரம்", "மூணு நாள்"னு சொல்ற மாதிரி, சீனப் பேச்சுவழக்குல மாதவிடாய்க்கு "தா யீமா"ன்னு பேரு. யீமான்னா அம்மாவோட கூடப்பிறந்தவங்க, தா யீமான்னா அதுல மூத்தவங்க. அதாவது சாட்சாத் நம்ம பெரியம்மா!

என் பெரியம்மா சொல்லாம கொள்ளாம வர்ற ரகம். 45 நாள், 52 நாள், ஒரு தடவை 60 நாள். வந்தா முதல் ரெண்டு நாள் வாந்தியும் வலியுமா சுருண்டு படுக்க வேண்டியதுதான். ஊர்ல காட்டின டாக்டரம்மா ரெண்டு நிமிஷத்துல "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்"னு அனுப்பி வச்சாங்க. கல்யாணம் எந்த மருந்துக் கடையில கிடைக்கும்னு கேட்டிருக்கணும்!

இங்க என் அறைத்தோழி சீனப் பொண்ணு. அவதான் ஒரு சின்சே கிட்ட கூட்டிட்டுப் போனா. சீன வைத்தியரை சிங்கப்பூர், மலேசியாவுல அப்படித்தான் சொல்லுவாங்க. இது ஏதோ சந்து வைத்தியம்னு நினைச்சிடாதீங்க. 2000-ல இதுக்குன்னே தனிச் சட்டம் போட்டிருக்காங்க. வாரியத்துல பதிவு செஞ்சவங்கதான் வைத்தியம் பார்க்கலாம். 1867-ல ஆரம்பிச்ச தோங் சாய் மருத்துவ நிலையம் இன, மத வித்தியாசம் பார்க்காம ஏழைகளுக்கு இலவசமா வைத்தியம் பார்த்ததுக்குப் பேர் போனது.

சின்சே அம்மா ரெண்டு மணிக்கட்டுலயும் மூணு மூணு விரல் வச்சு நாடி பார்த்தாங்க. நம்ம சித்த வைத்தியர் வாதம், பித்தம், கபம் பார்க்கிற மாதிரியேதான். நாக்கை நீட்டச் சொன்னாங்க. அப்புறம் கேள்வி மேல கேள்வி. வலி முதல் நாளே வருதா, முடியறப்போ வருதா? வயித்தை அமுக்கினா இதமா இருக்கா, இன்னும் வலிக்குதா? சுடுதண்ணி வச்சா குறையுதா? ரத்தம் என்ன நிறம், கட்டி கட்டியா வருதா? கை கால் சில்லுன்னு இருக்குமா? இத்தனை வருஷத்துல யாரும் என்கிட்ட இதையெல்லாம் கேட்டதே இல்லை.

கேள்விக்குப் பின்னாடி ஒரு கணக்கு இருக்கு. அவங்க தத்துவப்படி 'சீ'ங்கற உயிராற்றலும் ரத்தமும் தடையில்லாம ஓடினா வலி கிடையாது. அமுக்கினா இதமா இருந்தா உடம்புல சத்துக் குறைவு. அமுக்கினா வலி கூடினா தேக்கம். சூடு பட்டுக் குறைஞ்சா உள்ளே குளிர். நான் குளிரும் தேக்கமும் சேர்ந்த கேஸாம்.

இதுக்கு அவங்க கொடுத்தது "வென்ஜிங் தாங்"ங்கற பழைய கஷாயம், பொடி வடிவத்துல. ஜாங் ஜோங்ஜிங்னு சுமார் 1800 வருஷத்துக்கு முன்னாடி வாழ்ந்த வைத்தியரோட நூல்ல இருக்கிற மருந்து. டாங்குவெய் வேர், இஞ்சி, பட்டை இனக் குச்சி எல்லாம் சேரும். சைவக்காரங்க கவனிங்க: இதுல வழக்கமா கழுதைத்தோல் பசையும் உண்டு! நான் முழிச்ச முழியைப் பார்த்துட்டு அதை எடுத்துட்டாங்க. கூடவே "ஷியாங்ஃபூ"ன்னு ஒண்ணு சேர்த்தாங்க. என்னன்னு தேடிப் பார்த்தா... நம்ம வயல் வரப்புல களைன்னு பிடுங்கிப் போடற கோரை! அதோட கிழங்கை நம்ம நாட்டு வைத்தியத்துலயும் பயன்படுத்தறாங்க.

வீட்டு வைத்தியத்துலயும் ஒற்றுமை இருக்கு. அவங்க இஞ்சியும் நாட்டுச் சர்க்கரையும் போட்டுக் கொதிக்க வச்சுக் குடிக்கிறாங்க. நம்ம ஆச்சி சுக்கும் கருப்பட்டியும் போடுவாங்க. "ஐஸ் தண்ணி குடிக்காதே"ங்கறது மட்டும் அப்படியே ரெண்டு ஊருக்கும் பொது.

ஆனா நான் அந்த சின்சேவைக் கையெடுத்துக் கும்பிடறது பொடிக்காக இல்லை. "மருந்து தர்றேன். ஆனா முதல்ல ஆஸ்பத்திரியில ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துட்டு வா. நாடியில கட்டி தெரியாது"ன்னு சொன்னாங்க பாருங்க, அதுக்காக.

எடுத்தேன். பிசிஓஎஸ்னு வந்துச்சு. தைராய்டு சரியா இருந்துச்சு. சினைமுட்டை மாசா மாசம் வெளியே வராததால்தான் நாள் தள்ளுது. இதை அலட்சியமா விடக்கூடாதுன்னு டாக்டர் விளக்கினாங்க. மாசக்கணக்கா ரத்தம் வராம இருந்தா கருப்பை உள்சுவர் தடிச்சுக்கிட்டே போகும். பின்னாடி புற்றுநோய் வரைக்கும் போற ஆபத்து உண்டு. அதனால மூணு மாசம் வரலைன்னா ஹார்மோன் மாத்திரை கொடுத்தாவது வரவழைக்கணும். வலியைப் பத்தியும் சொன்னாங்க: கருப்பை உள்சுவர்ல சுரக்கிற புரோஸ்டாகிளாண்டின்தான் கருப்பையை இறுக்கிப் பிழியுது. இபுபுரூஃபென், மெஃபனமிக் அமிலம் மாதிரி மாத்திரைகள் அந்தச் சுரப்பையே குறைக்கும். அதனால வலி உச்சத்துக்குப் போகிற வரைக்கும் பல்லைக் கடிச்சிட்டு இருக்காம ஆரம்பத்துலயே போடணும். அல்சர், ஆஸ்துமா, சிறுநீரகக் கோளாறு இருக்கறவங்க மட்டும் கேட்டுட்டுப் போடணும்.

சரி, சீன மருந்துக்கு ஆதாரம் இருக்கா? நம்ம துறை ஆச்சே, தேடிப் படிச்சேன். 2008-ல காக்ரேன் குழு மாதவிடாய் வலிக்கான சீன மூலிகைகள் பத்தி 39 ஆய்வுகளை அலசினாங்க. முடிவு நம்பிக்கை தர்ற மாதிரி இருக்கு, ஆனா ஆய்வுகளோட தரம் மட்டம்னு எழுதினாங்க. 2017-ல சீனாவுல பிசிஓஎஸ் உள்ள 1000 பெண்களை வச்சு நடந்த பெரிய ஆய்வுல, அக்குபங்சர் குழந்தைப் பேறை அதிகமாக்கலைன்னு தெரிஞ்சுது. சூட்டு ஒத்தடம் மட்டும் ஜெயிச்சிடுச்சு. 2001-ல வந்த ஒரு ஆய்வுல, சுமார் 39 டிகிரியில வயித்துல ஒட்டி வைக்கிற சூட்டுப் பட்டை இபுபுரூஃபென் அளவுக்கே வலியைக் குறைச்சிருக்கு. ஆச்சி பாஸ் :-)

"மூலிகைதானே, என்ன பண்ணிடப் போகுது"ங்கறவங்களுக்கு: 1990-களின் தொடக்கத்துல பெல்ஜியத்துல, உடம்பு இளைக்கச் சாப்பிட்ட மாத்திரையில ஒரு சீன மூலிகைக்குப் பதிலா வேறொண்ணு கலந்துபோச்சு. அதுல இருந்த அரிஸ்டோலோகிக் அமிலத்தால நூறு பேருக்கு மேல சிறுநீரகம் பாதிச்சுது. டாங்குவெய்யும் ரத்தம் உறையாம இருக்கக் கொடுக்கிற வார்ஃபரினும் சேர்ந்தா ரத்தக்கசிவு ஆபத்து உண்டு. கர்ப்பமா இருக்கலாம்னு சந்தேகம் இருந்தாலே இந்தப் பொடியெல்லாம் தொடக்கூடாது. பதிவு செஞ்ச வைத்தியர் கிட்ட மட்டும் போங்க. என்னென்ன சேர்க்கறாங்கன்னு எழுதி வாங்கி, உங்க டாக்டர் கிட்டயும் காட்டுங்க.

என் நிலவரம்? பொடி ஆரம்பிச்சப்புறம் 48, 41, 39 நாள். வலி ஒரு நாளோட நிக்குது. ஆனா அதே காலத்துல தினமும் நடந்தேன், நேரத்துக்குத் தூங்கினேன், மாத்திரையும் நேரத்துக்குப் போட்டேன். எது வேலை செஞ்சதுன்னு ஒரே ஒரு ஆளோட கணக்கை வச்சு சொல்ல முடியாது. புள்ளியியல் படிச்சுட்டு அப்படிச் சொன்னா பட்டத்தைப் பிடுங்கிடுவாங்க.

ஒண்ணு மட்டும் அடிச்சுச் சொல்வேன். மாசா மாசம் காலேஜுக்கோ வேலைக்கோ போக முடியாத அளவு வலி, மூணு மாசம் வராம இருக்கிறது, மணிக்கொரு நாப்கின் நனையறது, இதுல எது இருந்தாலும் "பொம்பளைன்னா தாங்கித்தான் ஆகணும்"னு விட்றாதீங்க. எண்டோமெட்ரியோசிஸ்னு ஒரு நோய் பத்துல ஒரு பெண்ணுக்கு இருக்கலாம்னு உலக சுகாதார நிறுவனம் சொல்லுது. ஸ்கேன்ல கூடச் சில சமயம் தப்பிச்சிடும். அதனால ஒரு டாக்டர் கேட்கலைன்னா அடுத்த டாக்டர் கிட்ட போங்க. போகும்போது தேதி எழுதின காலண்டரைக் கையில எடுத்துட்டுப் போங்க. வாயால சொன்னா ரெண்டு நிமிஷத்துல அனுப்பிடுவாங்க. ஆறு மாசத் தேதியை நீட்டினா நின்னு பார்ப்பாங்க.

உங்க ஊர்ப்பக்கம் கோரைக்கிழங்கை இதுக்குக் கொடுக்கிற வழக்கம் உண்டா? தெரிஞ்சவங்க சொல்லுங்க. ரங்கமணிகளும் வீட்ல கேட்டுச் சொல்லலாம், தப்பில்லை.