அமிலம் இல்லாமல் வாழாத உயிர்கள்

ஸ்பெயினின் தென்மேற்கில் ரியோ டின்டோ என்றொரு ஆறு ஓடுகிறது. நீளம் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். கரைந்த இரும்பால் தண்ணீர் செக்கச் செவேலென்றிருக்கும்; அதன் பி.எச். அளவு 2.3, கிட்டத்தட்ட எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. அந்தத் தண்ணீரில்தான் பாக்டீரியா, பாசி, பூஞ்சை என ஒரு பெருங்கூட்டம் செழித்து வளர்கிறது. இப்படிப்பட்ட உயிரிகளை அமிலவிரும்பிகள் என்கிறார்கள்.

பி.எச். 3-க்குக் கீழே மிக நன்றாக வளர்பவையே அமிலவிரும்பிகள் என்பது பலர் ஏற்கும் வரையறை. எல்லையை 5 வரை நீட்டுவோரும் உண்டு. அமிலத்தைத் தாங்கிக்கொள்வது மட்டும் இதற்குப் போதாது. பாலைத் தயிராக்கும் பாக்டீரியாக்கள் புளிப்பைத் தாங்குமே தவிர, புளிப்பு ஏற ஏற அவற்றின் வளர்ச்சி மந்தமாகிவிடும். லாக்டோபாசில்லஸ் அசிடோஃபிலஸ் பெயரளவில் அமிலவிரும்பிதான். ஆனால் அது நன்றாக வளர்வது 5.5-க்கும் 6-க்கும் இடைப்பட்ட மிதமான புளிப்பில். இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபேக்டர் பைலோரியோ யூரியாவை உடைத்து அம்மோனியா உண்டாக்கி, தன்னைச் சுற்றியுள்ள அமிலத்தைத் தணித்துக்கொண்டு பிழைக்கிறது. 

அமிலத்தை உண்மையிலேயே சார்ந்திருப்பது பிக்ரோஃபிலஸ். ஜப்பானின் ஹொக்கைடோ தீவில், கந்தக ஆவி கக்கும் எரிமலை மண்ணில் கண்டெடுக்கப்பட்ட இந்த நுண்ணுயிரி, 60 டிகிரி வெப்பத்தில் பி.எச். 0.7-இல் மிகச் சிறப்பாக வளர்கிறது. பி.எச். 4-ஐத் தாண்டினால் அதன் செல் உடைந்து சிதைந்துபோகிறது. நமக்குப் பாதுகாப்பான நீர் அதற்கு எமன்!

ஆனாலும் அமிலவிரும்பிகளின் உடலுக்குள் அந்த அளவு அமிலம் இல்லை. பெரும்பாலானவற்றின் உட்புறம் நடுநிலையை ஒட்டி, பி.எச். 6.5 அளவில் இருக்கும். பி.எச். ஒரு படி குறைந்தால், அமிலத்தன்மைக்குக் காரணமான ஹைட்ரஜன் அயனிகள் பத்து மடங்கு கூடும். ஆகவே மெல்லிய செல் சவ்வின் இரு பக்கத்துக்கும் இடையே பல்லாயிரம் மடங்கு வேறுபாடு. அவ்வளவு அயனிகளும் உள்ளே நுழைய முட்டிக்கொண்டு நிற்கின்றன.

அசிடிதயோபாசில்லஸ் ஃபெரோஆக்சிடான்ஸ் என்ற பாக்டீரியா இந்த நெருக்கடியையே பிழைப்பாக்கிக்கொண்டது. அணைநீர் விசையாழியைச் சுழற்றுவதுபோல, உள்ளே பாயும் அயனிகள் ஒரு நொதியைச் சுழற்றுகின்றன. செல்லுக்கு வேண்டிய ஆற்றல் அதிலிருந்து கிடைக்கிறது. ஆனால் நுழைந்த அயனிகள் தேங்கினால் செல் செத்துவிடும். அதற்கும் வழி உண்டு. வெளியே உள்ள இரும்பிலிருந்து எலக்ட்ரான்களைப் பறித்து உள்ளே அனுப்புகிறது. அவையும் ஆக்சிஜனும் ஹைட்ரஜன் அயனிகளும் சேர்ந்து தண்ணீராகிவிடுகின்றன. ஆபத்தான அமிலம் மூச்சோடு மூச்சாகத் தீர்ந்துபோகிறது. இத்தனை சின்ன உயிருக்குள் இவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு என்பது எத்தனை முறை படித்தாலும் வியப்பு அடங்காத விஷயம்.

எலக்ட்ரானை இழந்த அந்த இரும்பு சும்மா இருப்பதில்லை. கந்தகத் தாதுக்களை அரித்துக் கரைக்கிறது. சிலி நாட்டுச் சுரங்கங்களில் தரம் குறைந்த தாதுவைக் குவித்து, அமில நீர் தெளித்து, இந்த வகை நுண்ணுயிரிகளைக் கொண்டு செம்பைப் பிரித்தெடுக்கிறார்கள். கைவிடப்பட்ட சுரங்கங்களில் இதே வேலை கேட்பாரின்றி நடக்கிறது. ஊறி வெளிவரும் அமில நீர் ஓடைகளில் கலந்து மீன்களைக் கொல்கிறது. சுண்ணாம்பு கொட்டி அந்த நீரைத் தணிக்கலாம். ஆனால் உள்ளே கந்தகத் தாதுவும் காற்றும் ஈரமும் இருக்கும்வரை அமிலம் ஊறிக்கொண்டே இருக்கும். அதனால் சுரங்கத்தை மூடும்போதே காற்றும் நீரும் தாதுவை எட்டாதபடி அடைப்பதற்கு முயல்கிறார்கள்.