1,200 ரூபாய் கிட்டும் ஒரு தீப்பெட்டியும்

இன்னைக்கு எங்க வீட்டுக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க அக்கா தன் ஏழு வயசுப் பையனை ஸ்கூலுக்கு அனுப்பாம வீட்டிலேயே படிக்க வைக்கிறாங்க. கணக்கு, தமிழ் எல்லாம் அவங்களுக்குப் பிரச்சினையே இல்லை. பயமெல்லாம் கைவேலைலதான். "ஸ்கூல் பிள்ளைங்க கிளே, பெயின்டிங்னு என்னென்னவோ பண்றாங்க. என்னால இவனுக்கு எதுவும் கிடைக்காமப் போயிடுமோடா?"னு ஒருநாள் ராத்திரி போன்ல கேட்டாங்க. அந்தப் பயத்துலதான் 1,200 ரூபாய்க்கு ஒரு கிராஃப்ட் கிட் வாங்கினாங்க.

கிட் வந்த அன்னைக்கே பையன் ஒரு கலர் பேப்பரைத் தப்பா வெட்டிட்டான். "பார்த்துடா, வேற பேப்பர் கிடையாது"னு அக்கா சொல்லிட்டாங்க. அதுக்கப்புறம் அவன் கத்திரிக்கோலைத் தொடவே இல்லை.

எங்க ஐடி வேலைல, புதுசா சேர்ந்தவங்களை நேரா லைவ் சர்வர்ல கை வைக்க விடமாட்டோம். உடைஞ்சாலும் நஷ்டமில்லாத டெஸ்ட் சர்வர்லதான் பழக விடுவோம். கைவேலைக்கும் அதே கணக்குதான். குழந்தை பத்து தடவை தப்பு பண்ணாலும் நம்ம முகம் மாறாத அளவுக்குப் பொருள் மலிவா இருக்கணும்.

இதை வாழ்நாள் வேலையாவே செஞ்சவர் அரவிந்த் குப்தா. 1975ல ஐஐடி கான்பூர்ல இன்ஜினியரிங் முடிச்சு, டெல்கோ லாரி கம்பெனியில் சேர்ந்தார். 1978ல லீவு போட்டுட்டு, மத்தியப் பிரதேசத்தில் கிராமத்துப் பள்ளிகளுக்கான ஹோஷங்காபாத் அறிவியல் திட்டத்துக்குப் போனார். தீக்குச்சி, சைக்கிள் வால் டியூப், பழைய பேப்பர்னு கைக்குக் கிடைச்சதை வெச்சே பொம்மைகள் செஞ்சு காட்டினார். 2018ல பத்மஸ்ரீ கிடைச்சது. அவரோட புத்தகங்களை இணையத்தில் இலவசமாவே படிக்கலாம்.

அவரோட தீக்குச்சி மாடலை இப்படிச் செய்யலாம். சைக்கிள் கடையில் வால் டியூப் கேட்டு வாங்கி, ஒன்றரை சென்டிமீட்டர் துண்டுகளா வெட்டுங்க. தீக்குச்சி மரக்குச்சியா இருக்கணும், மெழுகுக்குச்சி வளைஞ்சிடும். குச்சி முனையில இருக்கிற மருந்தைத் தண்ணில ஊறவெச்சு, பெரியவங்களே சுரண்டி எடுத்துட்டுக் காயவைங்க. டியூப் துண்டோட ரெண்டு பக்கமும் ஒவ்வொரு குச்சி செருகினா ஒரு மூட்டு ரெடி. மூணு குச்சி, மூணு துண்டு: முக்கோணம். நாலு குச்சி, நாலு துண்டு: சதுரம். சதுரத்தை லேசா அழுத்தினாலே சாஞ்சிடும். முக்கோணம் சாயாது. கரண்ட் டவர்ல ஏன் அத்தனை முக்கோணம் இருக்குன்னு அப்போ காட்டுங்க.

பெயின்ட் வேணுமா? மஞ்சள்தூளைத் தண்ணில குழைச்சு, வெள்ளைப் பேப்பர் முழுக்கத் தடவிக் காயவிடுங்க. துணி சோப்பு கரைச்ச தண்ணில பட்ஸை நனைச்சு வரைஞ்சா கோடு சிவப்பா வரும். அது மேல எலுமிச்சைச் சாறு தொட்டு வெச்சா திரும்ப மஞ்சளாயிடும். சோப்பு காரம், எலுமிச்சை அமிலம்; ஓவியத்தோடயே கெமிஸ்ட்ரியும் வந்துடும்.

பசைக்கு ஒரு ஸ்பூன் மைதாவை அஞ்சு ஸ்பூன் தண்ணில கட்டியில்லாம கரைச்சு, சின்னத் தீயில் கெட்டியாகுற வரைக்கும் கிண்டினா போதும். ஃப்ரிட்ஜ்ல வெச்சா ரெண்டு நாள் தாங்கும்.

போன ஞாயித்துக்கிழமை அக்கா வீட்டுக்குப் போயிருந்தேன். பையன் கட்டின தீக்குச்சிச் சதுரம் சாஞ்சுக்கிட்டே இருந்தது. குறுக்கே ஒரு குச்சி வெச்சுப் பார்த்தான், நீளம் பத்தலை. எழுந்து போய்த் துடைப்பத்துலிருந்து ஈர்க்குச்சி உருவிட்டு வந்தான். அளவா ஒடிக்கிறேன்னு நாலு குச்சியை வீணாக்கினான். அக்கா ஒண்ணும் சொல்லலை. அஞ்சாவது குச்சியை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிட்டு, "மாமா, இப்போ ஆடலை பாருங்க"ன்னான்.

அந்த 1,200 ரூபாய் கிட் இன்னும் அலமாரியிலதான் இருக்கு. நீங்களும் செஞ்சு பாருங்க, என்ன உடைஞ்சுதுன்னு எனக்குச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்!