கரிய மணலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை

கடற்கரை என்றதும் நம் மனக்கண்ணில் தோன்றுவது வெண்மணற் பரப்பாகும். பாசிக்குடாவுக்கோ நிலாவெளிக்கோ குடும்பத்தோடு சென்று வந்தவர்கள் வேறு நிறத்தில் ஒரு கடற்கரையைக் கற்பனை செய்யமாட்டார்கள். ஆனால், கரித்தூளைக் கொட்டிப் பரப்பியது போன்ற மணலில் சிறுவர்கள் வீடு கட்டி விளையாடும் கரையொன்று, நம் வாசலில் அலையடிக்கும் இதே இந்து சமுத்திரத்தில் இருக்கிறது. இலங்கையிலிருந்து தென்மேற்கே ஏறத்தாழ 4000 கிலோமீற்றர் தொலைவில், மடகஸ்காருக்குக் கிழக்கே அமைந்த ரியூனியன் தீவின் எதான் சலே கடற்கரையே அது.

பிரெஞ்சு மொழியில் எதான் சலே என்றால் உப்புக்குளம் என்று பொருள். நம் மன்னாரிலும் உப்புக்குளம் என்றோர் ஊர் உண்டல்லவா? பெயரால் மட்டுமன்றி வேறு பல வகைகளிலும் இக்கடற்கரை நமக்கு நெருக்கமானது. அதன் மணல் ஏன் கறுத்தது, செலவின்றி ஒரு குடும்பம் அங்கே எப்படி ஒரு நாளைக் கழிக்க முடிகிறது, அந்த மகிழ்ச்சிக்குக் காவல் எது என்பவற்றைப் பார்ப்போம்.

தீவு பிறந்த கதை

ரியூனியன் 2512 சதுர கிலோமீற்றர் பரப்புடைய சிறு தீவு. கடலடித் தளத்திலிருந்து அளந்தால் அது ஏறத்தாழ 7000 மீற்றர் உயரமான ஒரு மலை. அதன் பெரும்பகுதி நீருக்குள் மறைந்திருக்க, உச்சி மட்டுமே தீவாக நமக்குத் தெரிகிறது. அந்த மலையை எழுப்பியது எரிமலை.

புவியின் ஆழத்திலிருந்து வெப்பம் மேலெழும் இடங்கள் சில உண்டு. அவற்றை வெப்பப் புள்ளிகள் என்பர். வெப்பப் புள்ளி ஏறக்குறைய ஒரே இடத்தில் நிற்க, அதற்கு மேலே உள்ள புவித்தகடு மெல்ல நகர்ந்துகொண்டிருக்கிறது. அடுப்பின் மேலாக ஒரு தகட்டை இழுத்துச் சென்றால் சூடுபட்ட அடையாளங்கள் வரிசையாக விழுமல்லவா? அதுபோலவே, இந்தியாவின் தக்காண மேட்டுநிலத்தை மூடியுள்ள எரிமலைப் பாறைகள், இலட்சத்தீவு, மாலைத்தீவு ஆகியவற்றைத் தாங்கும் கடலடி மலைத்தொடர், பின்னர் மொரீசியஸ், ரியூனியன் என்பன எல்லாம் ஒரே வெப்பப் புள்ளியின் தடங்கள் என அறிஞர்கள் விளக்குகின்றனர். தக்காணத்தில் குழம்பு பெருகியது ஏறத்தாழ 6 கோடியே 60 இலட்சம் ஆண்டுகளுக்கு முன்னர். நமக்கு அயலில் உள்ள மாலைத்தீவின் அத்திவாரத்துக்கும் இந்தக் கரிய மணலுக்கும் ஒரே அடுப்புத்தான் நெருப்பு மூட்டியது.

அந்த அடுப்பு இன்னும் அணையவில்லை. தீவின் தென்கிழக்கில் உள்ள பித்தோன் த லா ஃபூர்னேஸ் என்னும் 2632 மீற்றர் உயர எரிமலை, உலகில் அடிக்கடி வெடிப்பவற்றுள் ஒன்று. 2007 ஏப்ரலில் அதன் உச்சிக் கிண்ணம் 300 மீற்றருக்கும் அதிகமாக உள்ளே இடிந்து விழுந்தது. குழம்பு கடலுக்குள் பாய்ந்து, தீவோடு புதிய நிலத்தைச் சேர்த்தது. எதான் சலே தென்மேற்குக் கரையில், இந்த எரிமலைக்குத் தூரத்தில் இருப்பதால் அங்கு செல்லும் குடும்பங்கள் குழம்புக்கு அஞ்ச வேண்டியதில்லை.

மணல் கறுத்தது எப்படி?

எரிமலைக் குழம்பு ஆறி இறுகும்போது பசால்ட் எனப்படும் கரும்பாறை உண்டாகிறது. இரும்பும் மக்னீசியமும் மிகுந்த கனியங்கள் அதற்குக் கருமையைத் தருகின்றன. பாறையை மணலாக அரைக்கும் வேலையை மழையும் ஆறுகளும் அலைகளும் செய்கின்றன.

ரியூனியனின் மழை சாதாரண மழையன்று. 1966 ஜனவரியில் வீசிய சூறாவளியின்போது எரிமலைச் சரிவிலுள்ள ஃபொக் ஃபொக் என்னுமிடத்தில் 24 மணித்தியாலங்களில் 1825 மில்லிமீற்றர் மழை பெய்து உலக சாதனையானது. நமது உலர் வலயத்தில் ஓராண்டு முழுவதும் சராசரியாகப் பெய்யும் மழை 1750 மில்லிமீற்றருக்குக் குறைவு என்பதை எண்ணிப் பாருங்கள். இத்தகைய மழை மலையைச் செதுக்கி, கற்களை உருட்டி, ஆறுகளின் வழியே கடலுக்கு அனுப்புகிறது. எதான் சலேக்குத் தெற்கே கடலில் கலக்கும் சாந்த் எத்தியேன் ஆறு கொண்டுவரும் பாறைத்துகள்களை அலைகள் கரையோரமாக நகர்த்திச் சேர்க்கின்றன. அம்மணலைக் கையில் அள்ளி உற்றுப் பார்த்தால் இடையிடையே பச்சை மணிகள் மின்னும். அவை ஒலிவீன் என்னும் கனியம். காந்தமொன்றைப் பிடித்தால் சில துகள்கள் ஒட்டிக்கொள்ளும். அவை இரும்புக் கனியமான மக்னடைற்று.

அதே தீவில், சில கிலோமீற்றர் வடக்கே சென்றால் மணல் வெண்மையாகிறது. அங்கே கரைக்கு முன்னால் முருகைக்கற்பாறைகள் நீண்டு கிடக்கின்றன. முருகைகளும் சிப்பிகளும் நொறுங்கி அந்த வெண்மணலைத் தருகின்றன. மணலின் நிறத்தைக் கொண்டே அது எங்கிருந்து வந்தது என்பதை அறியலாம்.

இங்கே ஓர் எச்சரிக்கையும் வேண்டும். கறுத்த மணலெல்லாம் எரிமலை மணல் அன்று. நமது புல்மோட்டைக் கரையின் கருமணல் இல்மனைற்று, உரூத்தைல், சேர்க்கன் முதலிய பாரமான கனியங்கள் சேர்ந்தது. மிகப் பழைய பாறைகள் சிதைவுற்று, அலைகள் இலேசான மணலைக் கொழித்து அகற்ற, பாரமானவை கரையில் தங்கிவிட்டன. சுளகில் அரிசி புடைப்பது போன்ற வேலை அது. இலங்கையில் எரிமலை இல்லை.

கட்டணம் இல்லாத கரை

ரியூனியனில் ஞாயிற்றுக்கிழமை என்றால் கடற்கரைதான். விடிந்ததும் விடியாததுமாக ஒருவர் முன்னே சென்று நல்ல நிழலாகப் பார்த்துப் பாய் விரித்து இடம்பிடிப்பார். பாட்டி முதல் பேரக்குழந்தை வரை பின்னால் வருவார்கள். சோற்றுப் பானை, அவரைக் கறி, இறைச்சிக் கறி, காரமான சம்பல் ஆகியன வீட்டிலிருந்தே வரும். எதான் சலேயில் நிழல் தருபவை சவுக்கு மரங்கள். மணலுக்குப் பின்னால் உள்ள காடு, காற்றில் நகரும் மணற்குன்றுகளைத் தடுத்து நிறுத்துவதற்காக மனிதர் நட்டு வளர்த்தது.

அந்த உணவில் நம் மொழியும் கலந்திருக்கிறது. 1848இல் அத்தீவில் அடிமைமுறை ஒழிக்கப்பட்ட பின்னர், கரும்புத் தோட்டங்களில் உழைக்கத் தென்னிந்தியாவிலிருந்து ஆயிரக்கணக்கான தமிழர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டனர். அவர்களது சந்ததியினர் பெரும்பாலும் தமிழ் பேச மறந்துவிட்டனர். ஆயினும் அங்குள்ள கிரியோல் மொழியில் கறி ‘காரி’யாக நிற்கிறது. ‘ருகாய்’ என்னும் காரச் சம்பலின் பெயர் நமது ‘ஊறுகாய்’ என்பதிலிருந்து வந்ததெனக் கருதுவர். குஜராத்திலிருந்து வணிகத்துக்காகச் சென்ற முஸ்லிம்களும் அங்கு வேரூன்றினர். தலைநகர் சான் தெனியில் அவர்கள் அமைத்த நூருல் இஸ்லாம் பள்ளிவாசல் 1905இல் திறக்கப்பட்டது. ஆபிரிக்கர், ஐரோப்பியர், சீனர், கொமொறோ தீவினர் என எல்லோருடைய பாய்களும் சவுக்கு நிழலில் அருகருகே விரிகின்றன.

நுழைவுச் சீட்டு இல்லை, வாடகை இல்லை. இது தற்செயலாகக் கிடைத்ததன்று. பிரெஞ்சுக் குடியேற்ற ஆட்சிக் காலத்திலேயே, கரையிலிருந்து உட்புறமாக 50 பெரும் அடிகள், அதாவது 81.20 மீற்றர் அகலமான நிலம் மன்னருக்குரியதென ஒதுக்கப்பட்டது. தீவைப் பாதுகாக்கவே அன்று அவ்வாறு செய்தனர். பிற்காலத்தில் அது பொதுச் சொத்தாயிற்று. கரையோரம் தொடர்பாக 1986இல் பிரான்சில் இயற்றப்பட்ட சட்டமும் கடற்கரையை மக்கள் இலவசமாகப் பயன்படுத்தும் உரிமையை உறுதி செய்தது. அப்படியிருந்தும் வேலி போடுவோர் இல்லாமலில்லை. மணல்மீது எழுப்பப்பட்ட உணவுச்சாலைகள் தொடர்பாக மேற்குக் கரையில் நீண்ட வழக்குகள் நடந்தன. பொதுக்கரை பொதுவாகவே நீடிப்பதற்குச் சட்டத்தோடு மக்களின் விழிப்பும் தேவைப்படுகிறது.

நீரில் இறங்குமுன்

அழகான கடல் எப்போதும் பாதுகாப்பான கடல் என்று எண்ணிவிடக்கூடாது. எதான் சலேயில் முதலில் சுடுவது மணலே. கருமை வெயிலை உறிஞ்சுவதால் நண்பகலில் வெறுங்காலோடு நடக்க இயலாது. பிள்ளைகளுக்குச் செருப்பு அவசியம்.

அடுத்தது நீரோட்டம். ஊரை ஒட்டிய பகுதியில் சிறியதொரு முருகைக்கற்பாறை அலைகளின் வேகத்தைத் தணிக்கிறது. அத்தகைய பாறையைத் தாண்டி உள்ளே விழும் நீர் ஏதாவதொரு வாய்க்காலின் வழியே மீண்டும் கடலுக்குத் திரும்பியாக வேண்டும். மேற்பரப்பு அமைதியாகத் தோன்றும் அந்த வாய்க்காலில் இழுப்பு வலிமையானது. நீந்தத் தெரிந்தவரையும் அது வெளியே கொண்டுபோய்விடும். ஜூன் முதல் செப்டெம்பர் வரை தெற்கிலிருந்து பேரலைகளும் வரும். ஆகவே உயிர்காப்பாளர்கள் கொடி ஏற்றுகிறார்கள். பச்சை என்றால் குளிக்கலாம், மஞ்சள் என்றால் அவதானம், சிவப்பு என்றால் இறங்கக்கூடாது.

மூன்றாவது ஆபத்து சுறா. 2011 தொடக்கம் இத்தீவில் சுறாத் தாக்குதல்கள் அதிகரித்து உயிர்கள் பறிபோயின. 2013 ஜூலையில், முருகைக்கற்பாறையால் காக்கப்பட்ட களப்புகளிலும் கண்காணிக்கப்படும் இடங்களிலும் தவிர வேறெங்கும் குளிப்பதற்கு அரசு தடை விதித்தது. 2015 பெப்ரவரியில், இதே எதான் சலேயில், தடைசெய்யப்பட்ட பகுதியில் கரைக்கு அண்மையில் குளித்துக்கொண்டிருந்த இளம் பெண்ணொருவர் சுறா தாக்கி இறந்தார். காவல் உள்ள நீருக்கும் காவலற்ற நீருக்கும் இடையில் சுவர் கிடையாது. ஓர் அறிவிப்புப் பலகை மட்டுமே இருந்தது.

களப்பும் தன்னைத்தானே காத்துக்கொள்ளாது. முருகை உயிருள்ளது, மிதித்தால் உடையும், அழுக்கு நீரால் நலியும். பாறை அழிந்தால் அலை தணியாது. எனவே 2007இல் சான் போல் முதல் எதான் சலே வரையான கடற்பகுதியில் 35 சதுர கிலோமீற்றர் இயற்கை ஒதுக்கிடமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது.

நமக்கு உரியது

அன்புப் பெற்றோரே, மாணவியரே! நாம் அத்தீவுக்குப் போகாவிட்டாலும் நமக்கும் கரைகள் உண்டு. விடுமுறைக்குப் பணம் நிறையத் தேவை என்று எண்ணிப் பிள்ளைகளை வீட்டிலேயே இருத்திவிடுகிறோம். ஒரு பானைச் சோறும் ஒரு பாயும் நிழலும் போதும் என்பதை அக்குடும்பங்கள் காட்டுகின்றன. போகுமுன் மூன்று கேள்விகளை மட்டும் கேட்டுக்கொள்வோம். இந்தக் கடலின் இழுப்பு எங்கே என்று அவ்வூர் மீனவரிடம் விசாரித்தோமா? நீரில் நிற்கும் பிள்ளையின்மீது கண்வைத்திருக்க ஒருவரைப் பொறுப்பாக்கினோமா? நாம் எழுந்து வந்த பின் அந்த மணலில் நம் குப்பை ஏதும் கிடக்கிறதா?

அப்புறம், ஒரு பிடி மணலை அள்ளி அதன் நிறத்தைப் பாருங்கள். அது எந்த மலையிலிருந்து, எத்தனை மழையில் நனைந்து, எந்த ஆற்றோடு வந்தது என்று உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். வகுப்பறையில் கிடைக்காத ஒரு பாடம் அங்கே செலவின்றிக் கிடைக்கும்.