மலைப் பேச்சில் சரித்திரம் கண்ட ஆசிரியர்

உதகமண்டலத்திலிருந்து பைக்காரா வழியாகக் கூடலூருக்கு இறங்கும் சாலையிலுள்ள நடுவட்டத்தை நேயர்களில் பலர் மோட்டாரில் கடந்திருப்பார்கள். கொயினா மருந்துக்காக ஆங்கில அரசாங்கத்தார் அங்கே சிங்கோனா மரம் பயிரிட்ட கதையையும் கேட்டிருப்பார்கள். ஆனால் அந்த மலைச்சீமையில் நம் தமிழோடு உடன்பிறந்த பாஷைகள் வழங்குகின்றன என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? எருமை வளர்க்கும் தோடருக்கு ஒரு பாஷை. இரும்படித்தும் பானை வனைந்தும் வாத்தியம் வாசித்தும் வந்த கோத்தருக்கு ஒரு பாஷை. உழவரான படகருக்கு ஒரு பாஷை. இவற்றை நாம் 'கொச்சை' என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிட்டோம்.

அவற்றைச் செவிமடுக்கக் கடல் கடந்து ஒருவர் வரவேண்டியிருந்தது. அவர்தான் மர்ரே எமனோ. கனடா தேசத்தின் நோவா ஸ்கோஷியாவில் 1904-ம் வருஷம் பிறந்தவர். ஆக்ஸ்போர்டிலும், பிறகு அமெரிக்காவில் யேல் சர்வகலாசாலையிலும் படித்தவர். சமஸ்கிருதத்தில் தேர்ந்த அவரை, எட்வர்ட் ஸபீர் என்ற பேராசிரியர் தோடர் பாஷையை ஆராயும்படி தூண்டினார். 1935 முதல் 1938 வரை எமனோ இந்தியாவில் தங்கி ஆராய்ந்தார்.

தோடர் பேச்சு எளிதில் பிடிபடுவதன்று. ரகர வகையிலும் சகர வகையிலும் நம் செவிக்கு ஒன்றாகவே படும் ஒலிகள் அங்கே வேறு வேறு எழுத்துகளாக நின்று பொருளை மாற்றிவிடும். எழுதப்படாத அப்பாஷையை அவர் வாய்மொழியாகவே கேட்டுக் குறித்தார். கோத்தர் பாஷைக்கு அவருக்கு வாய்த்த குரு சுள்ளி என்பவர். ஆங்கிலமும் அறிந்த கோத்தர். அவர் சொல்லச் சொல்ல எழுதிய கதைகளே 1944 முதல் 1946 வரை நான்கு பகுதிகளாக வெளியாயின.

சரித்திரம் என்றவுடன் நாம் கல்வெட்டையும் செப்பேட்டையும் தேடுகிறோம். அவை இல்லாத ஜனங்களுக்குச் சரித்திரம் எங்கே? அவர்கள் நாவிலேதான். நாம் 'செவி' என்கிறோம். கன்னடர் 'கிவி' என்பர். கோத்தர் 'கெவ்' என்பர். தமிழிலும் ஆதியில் ககரமாக இருந்த ஒலிதான் பின்னர் சகரமாயிற்று என்பது பாஷை நூலார் முடிவு. நம்முடைய சங்க நூல்களுக்கும் முந்திய அந்த ஒலியைக் கோத்தர் இன்றும் தம் வீட்டுப் பேச்சில் காத்து வருகிறார்கள். கொச்சை என்று நாம் தள்ளியது நம் பாட்டன் சொத்து!

எமனோ 1940-ல் பெர்க்லியிலுள்ள கலிபோர்னியா சர்வகலாசாலையில் ஆசிரியரானார். 1953-ல் அங்கே பாஷை இயல் துறையை நிறுவினார். 'மாடு கீடு' என்று நாம் பேசுவது போன்ற எதிரொலிச் சொற்கள் தோடரிடமும் உண்டென்று கண்டு 1938-லேயே எழுதியவர் அவர். வேறு வேறு குலத்துப் பாஷைகளும் இந்தியாவில் நெடுங்காலம் கூடி வாழ்ந்து ஒன்றன் இயல்பை ஒன்று ஏற்றிருக்கின்றன என்று 1956-ல் விளக்கினார். பரோ என்ற ஆக்ஸ்போர்டு பேராசிரியருடன் சேர்ந்து அவர் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி 1961-ல் வெளிவந்தது. அதில் தமிழும் தெலுங்கும் நிற்கும் வரிசையிலேயே தோடமும் கோத்தமும் சமமாக நிற்கின்றன.

தோடர் எதையும் பாட்டாக்குவார்கள். எருமையும் மணமும் மரணமும் அவர்களுக்குப் பாட்டுப் பொருளே. எமனோ கேட்டுக் குறித்த அப்பாடல்கள், ஆயிரம் பக்கங்களை எட்டும் நூலாக, 1971-ல்தான் அச்சேறின. இளமையில் ஏற்ற கடமையை முதுமையில் முடித்த அவர், 2005-ல் தம் 101-வது வயதில் காலமானார்.

தோடரும் கோத்தரும் இன்றும் சில ஆயிரம் பேர்களே. அவர்கள் பாஷைகள் அழியும் அபாயத்திலுள்ளவற்றின் பட்டியலில் இருக்கின்றன. புத்தகம் பாஷையைப் பதிவு செய்யும், பேச வைக்காது. அது தாயின் மடியிலும் பள்ளிக்கூடத்திலும் நடக்கவேண்டிய காரியம். தாய்மொழிப் பற்றைப் பற்றி மேடைதோறும் முழங்கும் நாம், மலையிலுள்ள குழந்தைக்கும் ஒரு தாய்மொழி உண்டென்பதை மறக்கலாகாது. அயலார் ஒருவர் தம் ஆயுளைச் செலவிட்டுப் போற்றிய செல்வத்தை, சொந்தக்காரர்களான நாம் கைநழுவ விடுவது நியாயமாகுமா?