படகுக்கு ஏற்ற கோப்பிப் பாத்திரம் எது?

முல்லைத்தீவுக் கரையில் வியாபாரம் செய்பவர்களுக்குக் கடற்தொழிலாளர்களே முதல் வாடிக்கையாளர்கள். கள்ளப்பாடு, சிலாவத்தை, அலம்பில், செம்மலை, கொக்கிளாய் என்று நீளும் கரையோரத்தில் மாலையில் வலையேற்றிச் செல்பவர்கள் பலர் விடியும்போதுதான் கரை திரும்புகிறார்கள். இரவு முழுவதும் விழித்திருக்க அவர்களுக்குச் சூடாக ஏதாவது வேண்டும். அண்மைக்காலமாக, "படகில் வைக்கக் கோப்பி மெஷின் இருக்கா நானா?" என்று இளைஞர்கள் எனது கடைக்கு வந்து கேட்கிறார்கள். கேட்கும் பொருளை விற்றுவிடலாம். ஆனால் ஒரு மாதத்தில் அது கெட்டுப்போனால், அந்த வாடிக்கையாளர் கயிறு வாங்கவும் நம் கடைக்கு வரமாட்டார்.

முதலில் மின்சாரக் கணக்கைப் பார்ப்போம். ஒரு லீற்றர் தண்ணீரை 28 பாகையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 84 வோட் மணி மின்சக்தி தேவை. வெப்பம் வீணாவதையும் சேர்த்தால் 100 என்று வைத்துக்கொள்ளலாம். 12 வோல்ட், 70 அம்பியர் மணி பற்றரி ஒன்றில் இருப்பது 840. அதிலும் பாதிக்கு மேல் இறக்கினால் பற்றரியின் ஆயுள் குறையும். ஆக, ஒரு லீற்றர் கொதிக்க வைத்தாலே பாவிக்கக்கூடிய மின்சாரத்தில் நாலில் ஒரு பங்கு போய்விடும். மிச்சத்தில்தான் விளக்கும் ஜீ.பி.எஸ். கருவியும் இயங்க வேண்டும். வீட்டில் பாவிக்கும் 1000 வோட் மெஷினை இன்வேர்ட்டர் மூலம் இயக்கினால் பற்றரியிலிருந்து 80 அம்பியருக்கு மேல் இழுக்கும். சிறிய பிளாஸ்டிக் படகுக்கு இது சரிவராது.

அடுப்பு ஏற்றுவதும் எளிதல்ல. 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரேயடியாக உயர்ந்ததை நாம் மறக்கவில்லை. செலவு ஒருபுறம், ஆபத்து மறுபுறம். எரிபொருள் தாங்கிக்குப் பக்கத்தில் ஆடும் படகில் நெருப்பு மூட்டுவது உயிரோடு விளையாடுவதாகும். சமையல் வாயு காற்றைவிடப் பாரமானது. கசிந்தால் படகின் அடித்தட்டில் தங்கி நிற்கும், ஒரு பொறி போதும். பல நாட்கள் கடலில் நிற்கும் பெரிய படகுகளில் அடுப்புத் தவிர்க்க முடியாதது. அங்கே அடுப்பைத் தட்டோடு இறுகப் பூட்டி, கேத்தல் சரியாதபடி சுற்றிலும் கம்பி வேலி வைக்க வேண்டும். கேத்தலும் அடி அகன்று வாய் குறுகியதாக இருப்பது நல்லது.

ஓரிரவுத் தொழிலுக்கு எனது சிபாரிசு இரட்டைச் சுவர் கொண்ட எவர்சில்வர் பிளாஸ்க். கண்ணாடிக் குடுவை உள்ளே இருக்கும் பிளாஸ்க் வீட்டுக்கு நல்லது, அலையில் ஒரு அடி பட்டால் தூள்தான். கரையில் கோப்பியைக் கொதிக்கவைத்து வடித்து, பிளாஸ்க்கை முதலில் சுடுநீரால் கழுவிச் சூடாக்கி, பிறகு வாய்வரை ஊற்ற வேண்டும். பால் சேர்க்க வேண்டாம். இளஞ்சூட்டில் பல மணி நேரம் கிடந்தால் பால் கெட்டுவிடும். பால்மாவும் சீனியும் தனியாகக் கொண்டுபோகலாம்.

கொள்வனவு செய்யும் வியாபாரிகள் கவனிக்க வேண்டியவை சில உண்டு. எவர்சில்வர் எல்லாம் ஒன்றல்ல. 304 ரகத்தில் சுமார் 18 வீதம் குரோமியமும் 8 வீதம் நிக்கலும் உண்டு. 316 ரகத்தில் மொலிப்டினமும் சேர்வதால் உப்புக்கு இன்னும் தாக்குப்பிடிக்கும். மலிவான 201 ரகத்தில் நிக்கலைக் குறைத்து மங்கனீசு சேர்க்கிறார்கள். அது உப்புக்காற்றில் சீக்கிரம் கறள் பிடிக்கும். காந்தம் வைத்துப் பார்த்துத் திருப்திப்படுபவர்கள் இதைக் கேளுங்கள்: 201, 304 இரண்டிலும் காந்தம் பெரிதாக ஒட்டாது.

கொழும்பு மொத்த வியாபாரி ஒருவர் 304 என்று முத்திரை குத்திய பிளாஸ்க்குகளைக் காட்டினார். மாதிரிக்கு ஆறு மட்டும் வாங்கி வந்து, கடல்நீரில் நனைத்து வெயிலில் காயவைத்து, பத்து நாட்கள் திரும்பத் திரும்பச் செய்தேன். மூன்றில் கழுத்துப் பகுதி கறள் பிடித்தது. பெரிய ஓடர் கொடுக்கவில்லை. இன்னொரு சோதனையும் உண்டு. கொதிநீர் ஊற்றி மூடிச் சற்று நேரம் விட்டுத் தொட்டுப் பாருங்கள். வெளிச்சுவர் சுட்டால் வெற்றிடம் போய்விட்டது என்று அர்த்தம்.

விலையை வாடிக்கையாளருக்கு எப்படி விளங்கவைப்பது? உதாரணமாக, 3,000 ரூபா பிளாஸ்க் ஒரு வருடம் உழைத்தால் வருடச் செலவு 3,000. 7,500 ரூபா பிளாஸ்க் ஐந்து வருடம் உழைத்தால் வருடத்துக்கு 1,500தான். இந்தக் கணக்கைத் துண்டில் எழுதிக் காட்டினால் படகுக்காரர் யோசிப்பார். மூடி, வாஷர் ஆகியவற்றையும் கடையில் வைத்திருங்கள். பத்து ரூபாச் சாமான் இல்லாமல் நல்ல பிளாஸ்க் வீணாகக் கூடாது.

வடகீழ்ப் பருவக்காற்றுக் காலத்தில் கடல் கொந்தளிக்கும், தொழில் குறையும், கடனும் வசூலாகாது. அந்த மாதங்களில் விலையுயர்ந்த சரக்கில் முதலைப் போட்டு முடக்காமல், கடல் அடங்கும் காலத்துக்குச் சற்று முன்னர் எடுப்பதே புத்தி. மலிவு ரகத்தையும் விற்கலாம், தவறில்லை. ஆனால், "இது வீட்டுக்கு, கடலுக்கு உதவாது" என்று சொல்லி விற்க வேண்டும். குறையை மறைக்காமல் விற்பது நமது வியாபார ஒழுக்கம் மட்டுமல்ல, கடனைத் தேடிவந்து கட்டும் வாடிக்கையாளரை உண்டாக்கும் வழியும் அதுதான்.