கால்வாய்ப் படகும் லாக்குக் கதவும்

நம் புதுக்கோட்டைச் சீமையில் நீர் என்றவுடன் நினைவிற்கு வருவது கண்மாயே. மழைக்காலத்திற் பெருகிக் கோடையில் வற்றும் வெள்ளாறு படகோட்டத்திற்கு உரியதன்று. ஆதலின், படகொன்று படியிறங்கிச் செல்லும் எனின் நம்மவர் வியப்புறுவர். அஃது எங்ஙனம் இயலும் என்பதை ஈண்டு ஒருவாறு விளக்குவாம்.

நீர் என்றும் சமமட்டம் நாடும் இயல்பினது. மேட்டுநிலக் கால்வாயைத் தாழ்நிலக் கால்வாயோடு நேரே இணைப்பின், மேல்நீர் முழுதும் பாய்ந்து வடிந்துவிடும். இதனைத் தடுக்க, இடையே கல்லால் நீண்ட அறையொன்று கட்டி இருமுனையிலும் கதவிடுவர். இதுவே லாக்கு. சீன நாட்டில் கி.பி. 984இல் சியௌ வெய்யூ என்னும் அதிகாரி இத்தகைய அறையை அமைத்தார் என்பர்.

இலண்டன் மாநகரில் 1820இல் முற்றுப்பெற்ற ரீஜண்டு கால்வாயில், கேம்டன் முதல் லைம்ஹவுஸ் வரை 12 லாக்குகள் உள. சற்றேறக்குறைய 7 அடி அகலமே உள்ள ஒடுங்கிய படகில் ஒரு பகற்பொழுதில் இவற்றைக் கடக்கலாம். படகு வருமுன் அறையின் நீர் மேல்மட்டத்திற்கு நிரம்பியிருத்தல் வேண்டும். படகு உட்புகுந்ததும் மேற்கதவை அடைப்பர். பின்னர்க் கீழ்க்கதவின் சிறு அடைபலகைகளை இரும்புக் கைப்பிடியாற் சுழற்றி உயர்த்துவர். நீர் மெல்ல வடிய, படகும் உடன் இறங்கும். இருபுற நீரும் ஒரு மட்டமானாலன்றி எத்துணை வலியர் தள்ளினும் கதவு திறவாது. மட்டம் ஒத்தபின்போ, கதவின் நெடிய மரத்தண்டிற் சாய்ந்து ஒருவரே திறந்துவிடலாம். பொறுமையே இங்குத் திறவுகோல் என்க.

நம் தமிழகத்திலும் லாக்குகள் இருந்தன. 1806இல் சென்னைக்கும் எண்ணூருக்கும் இடையே தோன்றிய காக்கரேன் கால்வாய் பின்னர் வடக்கினும் தெற்கினும் நீண்டு, பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர் பரந்தது. 1876–78ஆம் ஆண்டுகளின் கொடும்பஞ்சத்தில், வருந்திய ஏழைகளுக்கு வேலையும் கூலியும் அளிக்கும் பொருட்டு, கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பெற்றது. அக்காலத்து ஆளுநர் பெயரால் இது பக்கிங்காம் கால்வாய் எனப்பட்டது. இஃது உவர்நீர்க் கால்வாய். கடலேற்றமும் ஆற்று வெள்ளமும் மட்டத்தை மாற்றுமாதலின், ஆறு குறுக்கிடும் இடங்களில் லாக்குகள் வேண்டப்பட்டன. விறகும் உப்பும் சுமந்த படகுகள் இதன்வழிச் சென்றன. பாவேந்தர் பாரதிதாசனாரின் ‘மாவலிபுரச் செலவு’ இக்கால்வாய்ப் பயணத்தைப் பாடுவதே.

இன்றோ அக்காட்சி இல்லை. இருப்புப்பாதையும் நெடுஞ்சாலையும் வணிகத்தைக் கவர்ந்தன; 1965–66இன் புயல்கள் கரையைச் சிதைத்தன; நகரின் கழிவுநீர் வந்து கலந்தது; பறக்கும் இரயிலின் தூண்கள் கால்வாயினுள்ளேயே ஊன்றப்பெற்றன. 2008இல் இது தேசிய நீர்வழி நான்கின் பகுதியாக அறிவிக்கப்பட்டதாயினும், சென்னை நகரிற் படகு இன்னும் மீளவில்லை. பசித்தோர் கையால் வெட்டியது சாக்கடையாயிற்று என்பது நெஞ்சை வருத்துகின்றது.

இவ்வரலாறு நமக்கு அயலதன்று. நம் சீமைக் கண்மாய்களில் முன்னோர் நிறுவிய குமிழித்தூம்புகள் இன்றும் நிற்கின்றன. நீரோடித் துளையால் நீரையும் சேறோடித் துளையால் வண்டலையும் வெளியேற்றும் அவ்வமைப்பு, லாக்கினுக்குச் சிறிதும் தாழ்ந்ததன்று. ஆனால், மடையைக் காலமறிந்து திறந்தடைக்கும் நீர்ப்பாய்ச்சியும், வரத்துக்கால் தூர்வாரும் ஊராரும் இல்லையேல், கல் மட்டும் நின்று என் பயன்? இலண்டன் லாக்கில் ஒரு படகினர் கதவை அடைத்துச் செல்வது, தமக்குப் பின் வருவோர்க்காகவே. கற்றறிந்த நாமும் விடுமுறையில் நம் ஊர் மடையை ஒருமுறை சென்று காண்போமாக. தூர்ந்திருப்பின் ஊராரோடு மண்வெட்டி ஏந்துவோமாக. இறைவன் ஈந்த நீரைப் பேணுதல் நம் தலையாய கடனன்றோ!